ஹாஜிராக்கா வாங்கித் தந்த இயந்திரங்கள்

கடந்த புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். மைசூர் மண்டி மொகல்லாவில் உள்ள எங்கள் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில், தையல் மெஷின் கேட்டு வந்திருந்த ஒரு தம்பதிக்கு ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. சமீனா. ஹாஜிராக்காவின் ஒரே மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறவள். வேலை நாளில் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"பழனி மாமா, எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதாம்மா. ஏன், சொல்லு."

"அம்மா போயிட்டாங்க மாமா."

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். சொந்த ஊரான கொள்ளேகாலுக்குப் போயிருப்பார், சொல்லாமல் போனதில் மகளுக்குக் கோபம் என்றுதான் அந்த நொடியில் தோன்றியது. மறுமுனையில் அவள் அழுத பிறகுதான் விளங்கியது. அந்தப் பெண்ணை அப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டேனே என்று இன்றுவரை மனம் ஆறவில்லை.

அதிகாலைத் தொழுகைக்காக எழுந்து, கைகால் கழுவி வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. அறுபத்திரண்டு வயது. பால் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் பார்த்திருக்கிறார்.

எதிரே உட்கார்ந்திருந்த தம்பதி எழுந்து நின்றார்கள். யார் என்று கேட்டார்கள். "உங்களுக்கு முன்னாடி இங்க மெஷின் வாங்குன எல்லாருக்கும் மெஷின் பாத்து வாங்கிக் குடுத்தவங்க" என்றேன்.

ஹாஜிரா பீவி அவர்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் சங்கம் வட்டி வாங்காது, வட்டி கொடுக்காது. இஸ்லாம் வட்டியைத் தடுத்திருப்பதால், அந்த நெறிப்படி ஒரு சங்கம் வேண்டும் என்று பகுதிப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது. உறுப்பினர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. பெரும்பாலும் சிறு வியாபாரிகள். இட்லி மாவு அரைத்து விற்கும் ஒருவர் கிரைண்டர் வேண்டும் என்று வந்தால் நாங்கள் அவர் கையில் பணம் தரமாட்டோம். கிரைண்டரை நாங்களே வாங்குவோம். வாங்கிய விலை இது, எங்கள் லாபம் இது என்று மறைக்காமல் சொல்லி, தவணையில் அவருக்கு விற்போம். சில தொழில்களில் பங்காளியாகவும் சேர்வோம். லாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தாலும் பங்கு. அந்தக் கிரைண்டரைத் தேடிப் போய்ப் பார்த்து வாங்குவது ஹாஜிராக்காவின் வேலை. விற்பனைக் காகிதம் எழுதுவது என் வேலை.

நான் கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துக்காரன். கோபியில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடி மைசூர் வந்து, பதினாறு ஆண்டுகளுக்கு முன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். அலுவலகத்தில் எல்லோரும் உருது அல்லது கன்னடம். முதல் நாள் மதியம் ஊருக்குப் போன் செய்து, "ஏனுங்க, சேந்துட்டனுங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கறுப்பு புர்கா அணிந்த ஒரு பெண்மணி, கையில் ஸ்க்ரூ டிரைவருடன், என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எந்த ஊரு தம்பி?"

"ராமாபுரமுங்க."

"நான் கொள்ளேகால். பரவால்ல, இனிமே இந்த ஆபீஸ்ல நாம ரெண்டு பேரும் சண்ட போட்டாலும் ஒருத்தருக்கும் புரியாது."

அன்று முதல் அவர் எனக்கு அக்கா.

அவருடைய தந்தை கொள்ளேகாலில் பட்டு நூல் முறுக்கும் இயந்திரங்களின் மோட்டார்களைப் பழுதுபார்த்தவர். மகன் இல்லாத வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பட்டறைதான். அத்தாவிடமிருந்து தனக்கு வந்த சொத்து காது ஒன்றுதான் என்பார். லாரி ஓட்டிய கணவர் விபத்தில் இறந்த பிறகு, ஆறு வயது மகளுடன் மைசூர் வந்து சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்.

அவருடன் நான் போன முதல் கொள்முதலை மறக்க முடியாது. மாதேஸ்வரன் மலையில் பக்தர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு தம்பதிக்குப் பழைய கிரைண்டர் ஒன்று. அதை விற்ற கடைக்காரர் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். அக்கா, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கன்னடத்தில் நிதானமாக, "பேரிங் போயிருக்கு. இன்னும் ஒரு மாசம் ஓடும். அதுக்கு மேல ஓடினா என் காத அறுத்துக்கறேன்" என்றார். கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார். அதன் பிறகு அந்தக் கடையில் அவரை 'மேடம்' என்றே அழைத்தார்கள்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. வாங்கிய பொருள் நேராக உறுப்பினர் கடைக்குப் போகக் கூடாது. ஒரு நாளாவது எங்கள் கைக்கு வந்தாக வேண்டும். பஞ்சர் கடைக்காரர் ஒருவருக்கு வாங்கிய ஏர் கம்ப்ரஸர், நாங்கள் உட்கார இடமில்லாமல் இரண்டு நாள் அலுவலக நடுவில் கிடந்தது. எனக்கு எரிச்சல்.

"அக்கா, அவரு கடைக்கே எறக்கியிருக்கலாமுங்களே. எதுக்குங்க ரெண்டு வண்டி வாடகை?"

"நடுவுல இது எரிஞ்சு போச்சுன்னா யாரு நட்டம் தம்பி?"

"நம்ம நட்டந்தானுங்க."

"அந்தப் பயம் நமக்கு இருக்கோணும். அது இருந்தாத்தான் நாம பண்றது வியாபாரம். அந்தப் பயமே இல்லாம லாபம் மட்டும் வேணும்னா அதுக்குப் பேரு வட்டிதான். போர்டுல என்ன எழுதி வெச்சாலும் சரி."

மார்க்க அறிஞர்கள் எங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். எனக்குப் புரிந்தது அந்தக் கம்ப்ரஸர் மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்த நாளில்தான்.

நான் எழுதும் காகிதங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் உறுப்பினருக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டவேண்டும். காட்டினால் மட்டும் போதாது. "இப்ப அவங்கள திருப்பிச் சொல்லச் சொல்லு" என்பார். திருப்பிச் சொல்லத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்க விடமாட்டார். அப்படி வாசிக்கும்போது ஒரு வரியை மட்டும் அவர் முகம் சுளித்துக் கேட்பார். 'பொருளை உள்ளது உள்ளபடி பார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி. அதை எழுதிச் சேர்த்தவன் நான். சங்கத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்துச் சேர்த்தேன்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இந்தக் கட்டுரையே. இதை எழுதாமல் அவரைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன், மைசூர் உதயகிரியைச் சேர்ந்த யூசுப் என்பவர் சங்கத்துக்கு வந்தார். பத்து வயதிலிருந்து பிறர் பேக்கரியில் வேலை பார்த்தவர். சொந்தமாக பன் போட்டு டீக்கடைகளுக்குக் கொடுக்க ஆசை. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு, மனைவி நூர்ஜஹானுடன் தொடங்கியும் விட்டார். மாவு பிசையும் மெஷின் ஒன்று வேண்டும். நஞ்சன்கூட்டில் மூடிவிட்ட ஒரு பேக்கரியில் பழைய மெஷின் விலைக்கு வருவதாகத் தெரிந்து அக்காவும் நானும் போனோம்.

பேக்கரிக்கு மின் இணைப்பு இருந்தது. மெஷினை ஓடவிட்டு அக்கா கை வைத்துப் பார்த்தார், காது கொடுத்தார். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. மாவுக் கொப்பரைக்கு மேலே ஒரு மூடி உண்டு. மெஷின் ஓடும்போது அந்த மூடியைத் தூக்கினால் தானாக நின்றுவிட வேண்டும். கை உள்ளே போகாமல் காக்கும் ஏற்பாடு அது. அதைச் சோதிக்கப் போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

"கரண்ட் வரட்டும் தம்பி. மூடியத் தூக்குனா நிக்குதான்னு ஒருக்கா பாத்துட்டுப் போயிரலாம்."

விற்பவர், "அதெல்லாம் நிக்கும் மேடம்" என்றார். அரை மணி ஆயிற்று. கரண்ட் வரவில்லை. அன்று என் மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா. முதல் முறையாக மேடையில் ஆடுகிறாள்.

"அக்கா, மோட்டாருதான் நல்லா இருக்குதுங்களே. பாப்பா டான்ஸுங்க. நாலு மணிக்கு நான் அங்க இருக்கோணும்."

அவர் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, வா. கொழந்த தேடும்."

வழக்கப்படி மெஷின் முதலில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அங்கே அதற்கேற்ற மின் இணைப்பு கிடையாது. ஓட்டிப் பார்க்க முடியவில்லை. யூசுப்பின் கொட்டகையில் இணைப்புக் கொடுத்த அன்று அக்கா ஊரில் இல்லை. சமீனாவைக் கல்லூரியில் சேர்க்கப் பெங்களூர் போயிருந்தார். நான்தான் போனேன். மெஷின் ஓடியது. நூர்ஜஹான் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

ஆறு வாரம் கழித்து, ஓடும் மெஷினில் ஒட்டிய மாவைத் தள்ளிவிட யூசுப் மூடியைத் தூக்கிக் கை வைத்திருக்கிறார். முன்பு வேலை பார்த்த பேக்கரியில் மூடியைத் தூக்கினால் மெஷின் நிற்கும். அந்தப் பழக்கம். இது நிற்கவில்லை. வலது கையில் கட்டை விரலைத் தவிர நான்கு விரல்களும் போயின.

மருத்துவமனையில் யூசுப், "என் தப்புதான் அக்கா, பாக்காம கைய வெச்சிட்டேன்" என்றார். அக்கா அங்கிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மெஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். மூடிக்கான ஸ்விட்சை அறுத்துவிட்டு, இரண்டு வயரையும் முறுக்கி நேராகச் சேர்த்து வைத்திருந்தார்கள். பழைய முதலாளி வேலை தடைபடாமல் இருக்கச் செய்த காரியம். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அக்கா தரையிலேயே உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். சத்தமே வரவில்லை. காய்ந்த மாவும் ரத்தமும் படிந்திருந்த அந்த இடத்தில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார்.

நிர்வாகக் குழு கூடியது. தலைவர் ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர், நல்ல மனிதர். விதவைகளும் தள்ளுவண்டிக்காரர்களும் சேமித்த பணம் சங்கத்தில் இருக்கிறது, வழக்கு வந்தால் என்ன ஆகும் என்ற கலக்கம் அவருக்கு. குழுவினர் இரண்டு பேர் என் காகிதத்தை எடுத்துக் காட்டினார்கள். உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டதாக யூசுப் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, சங்கத்துக்குப் பொறுப்பில்லையே என்றார்கள்.

அக்கா எழுந்தார். உருதுவில் தொடங்கிக் கன்னடத்தில் முடித்தார். அவர் சொன்னதன் சாரம் இது. நாம் அவருக்குக் கடன் கொடுக்கவில்லை, பொருளை விற்றிருக்கிறோம். கடன் கொடுத்தவர் கையை உதறிக்கொள்ளலாம், விற்றவர் முடியாது. பொருளில் குறை இருந்தால் அது விற்றவர் தலையில்தான் விழும். லாபம் எடுக்கும்போது நாம் வியாபாரிகள், விரல் போனால் மட்டும் நாம் வெறும் சங்கமா?

தலைவர் என் பக்கம் திரும்பினார். "பழனி, நீங்களும் கூடப் போயிருந்தீர்கள். மெஷினைச் சரியாகப் பார்த்தீர்களா இல்லையா?"

எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். வேறு எதையும் அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை.

"மெஷின் பாக்கறது அவங்க வேலைங்க சார். நான் காகிதம் எழுதறவன்."

ஹாஜிராக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமா. பாத்தது நான்தான்."

சங்கம் பொறுப்பேற்றது. மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விற்பனையை ரத்து செய்து, சிகிச்சையையும் ஏற்றது. கொள்முதல் வேலையிலிருந்து தன்னை விலக்கிவிடும்படி அக்கா தானே எழுதிக் கொடுத்தார். தீர்மானப் புத்தகத்தில், சோதனையில் குறை வைத்தவர் என்று அவர் பெயர் மட்டும் இருக்கிறது. எழுதியவன் நான். என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அக்கா எனக்காக நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பாப்பா நல்லா ஆடுனாளா தம்பி? கேக்கோணும்னு இருந்தேன், மறந்தே போச்சு."

குத்திக்காட்டுகிறாரோ என்று அன்று இரவு முழுக்க நினைத்தேன். அப்படிப் பேசத் தெரிந்தவர் அல்லர் அவர். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டிருக்கிறார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

மறுநாளிலிருந்து அவர் வாசல் மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எடுத்துக் கொடுத்தார். அலுவலகம் வருவதற்கு முன், தினமும் காலையில் உதயகிரிக்குப் போய் நூர்ஜஹானுடன் சேர்ந்து கையால் மாவு பிசைந்தார். டீக்கடைகள் ஆர்டரை வேறு யாருக்கும் மாற்றிவிடக் கூடாதே என்பதற்காக. ஏழு மாதம். சில நாள் புர்காவின் கைமடிப்பில் மாவு ஒட்டியபடியே அலுவலகம் வருவார். யூசுப் இடது கையால் உருட்டப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் உருட்டிய பன்னை எனக்கும் கொண்டுவந்து கொடுத்தார் அக்கா. "கோணலா இருக்குதில்ல? இருக்கட்டும். ருசி கோணல."

பிறகு சங்கம் யூசுப்புடன் பங்காளியாகச் சேர்ந்து புது மெஷின் போட முடிவு செய்தது. யூசுப் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "ஹாஜிராக்கா பாத்த மெஷின்தான் எனக்கு வேணும்." தலைவரே வந்து கேட்டும் அக்கா மாட்டேன் என்றார். யூசுப் அலுவலகத்துக்கு வந்து, விரல் போன கையை அவர் மேஜை மேல் வைத்தார்.

"நீங்க பாக்கலேன்னா எனக்கு மெஷினே வேணாம் அக்கா. கையாலயே பிசையறேன், இருக்கற கையால."

அக்கா போனார். என்னையும் கூப்பிட்டார். மேட்டகள்ளியில் ஒரு விற்பனைக் கூடத்தில் அந்த மெஷின் முன்னால் மூன்று மணி நேரம் இருந்தார். மூடியைத் தூக்கினார், நின்றது. மறுபடி ஓடவிட்டார், மறுபடி தூக்கினார். எத்தனை முறை என்று தெரியாது. நான் ஓரமாக நின்றிருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில், "அக்கா, அன்னிக்கு நஞ்சன்கூட்டுல..." என்று தொடங்கினேன். அவர் ஜன்னல் பக்கம் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளை ஏழு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன்.

யூசுப்பின் பேக்கரியில் இப்போது ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கணவனும் மனைவியும் சங்கத்தின் பங்கை வாங்கிக்கொண்டு தனி முதலாளிகளாகிவிட்டார்கள். அந்த வழியில் உள்ள டீக்கடைகளில் எல்லாம் அவர்கள் பன்தான்.

அறுபது வயதில் அக்கா ஓய்வு பெற்றார். இறப்பதற்குப் பத்து நாள் முன்பு அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவர் தெருவில் ஐஸ்கிரீம் விற்கும் ஒரு பெண்ணுக்கு ஃபிரீசர் வேண்டுமாம். "நீ போய்ப் பாரு தம்பி. பதறாம பாரு" என்றார். போய்வருகிறேன் என்று எழுந்தவர், என் மேஜை மேல் கலைந்து கிடந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அன்றுதான்.

புதன்கிழமை மாலை அடக்கம். பெண்கள் சூழ்ந்திருந்த வீட்டுக்குள் நான் போகவில்லை. வாசலில் நின்றேன். அடக்கத் தலத்தில் எத்தனையோ பேர். பழக்கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், வெல்டிங் பட்டறைக்காரர்கள், மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த சாப்பாட்டுக் கடைக்காரர். ஆளுக்கு ஒரு மெஷின் அவர் பார்த்து வாங்கிக் கொடுத்திருப்பார். குழியில் இறக்கிய பிறகு ஒவ்வொருவராக மூன்று பிடி மண் போட்டார்கள். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, அவருடைய சித்தப்பா மகன் விலகி வழிவிட்டார். "போடுங்க, உங்க அக்காதானே" என்றார். போட்டேன்.

எனக்கு முன்னால் யூசுப் இடது கையால் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் அவரை ஓரமாக அழைத்தேன்.

"யூசுப், அன்னிக்கு மூடியச் சோதிக்கோணும்னு அக்கா கரண்டுக்குக் காத்திருந்தாங்க. அவசரப்படுத்திக் கூட்டிட்டு வந்தவன் நான். உங்க கொட்டகையில ஓட்டிப் பாத்தவனும் நான்தான். கூட்டத்துல அவங்க மேல போட்டுட்டு ஒக்காந்துட்டேன்."

அவர் குழியின் பக்கம் திரும்பினார். கன்னம் துடித்தது. அடிப்பார் என்றே நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. பிறகு என்னைக் கடந்து நடந்து போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். சற்று நேரத்தில் திரும்பி வந்தார். வாசல் அருகே இருந்த தொட்டியிலிருந்து ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு வந்திருந்தார்.

"கைய நீட்டுங்க" என்றார்.

நீட்டினேன். அவர் இடது கையால் குவளையைச் சாய்த்து ஊற்றினார். என் பத்து விரல்களிலிருந்தும் மண் கரைந்து ஓடும் வரை ஊற்றினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா, சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது. இதை எல்லோரும் படிக்கட்டும். அன்று நஞ்சன்கூட்டில் பார்த்தது நீங்கள். பார்க்க விடாதவன் நான். பாப்பா அன்றைக்கு நன்றாகத்தான் ஆடினாள் அக்கா. உங்களுக்குச் சொல்லவே இல்லை. போய்வாருங்கள்.